கோச்சைத் தூக்கினால் கோல் விழுமா?

“கோச்சைத் தூக்கு, நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் ஒருத்தன இறக்கு, எல்லாம் சரியாயிடும்.”

சென்னையின் எஃப்.சி. தோற்ற மறுநாள் காலை புதுச்சேரி மூலக்குளத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் இது காதில் விழும். விழுப்புரம் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் சொல்வார்கள். ஈ.சி.ஆர். வழியாகப் பெரியமேடு நேரு ஸ்டேடியம் வரை போய் ஆட்டம் பார்த்து, நள்ளிரவு தாண்டி ஊர் திரும்பியவர்கள் இன்னும் சூடாகச் சொல்வார்கள். அடுத்து எந்தக் கோச், எந்த நாட்டு ஸ்ட்ரைக்கர் என்பதில்தான் சண்டையெல்லாம். கோச்சை மாற்றுவதே மருந்து என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மருந்தைத்தான் நான் மறுக்கிறேன். அது அணியைத் தேற்றவில்லை. அணியைக் கெடுத்தவர்கள் தப்பித்துக்கொள்ள வழி செய்து கொடுத்திருக்கிறது.

கண் முன்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். 2020-21 பருவத்தில் ஹங்கேரியின் சாபா லாஸ்லோ கோச், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டியலில் எட்டாம் இடம். 2021-22இல் மாண்டினீக்ரோவின் பொஜிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றதும் அவரை அனுப்பிவிட்டார்கள். மிச்ச ஆட்டங்களை நம் சையத் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். அப்போதும் எட்டாம் இடம். 2022-23இல் ஜெர்மனியின் தாமஸ் பிர்தாரிச். மறுபடியும் எட்டாம் இடம். மூன்று பருவம், மூன்று விதமான ஆட்டமுறை, மூன்று தேசத்துக் கோச்கள். பட்டியலில் அணி ஓர் இடம்கூட அசையவில்லை. வியாதி கோச்சிடம் இருந்திருந்தால் மூன்று பேரும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்களா?

இதைவிடப் பெரிய சாட்சி ஓவன் காய்ல். 2019 டிசம்பரில் வந்தார், அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். பிறகு ஜாம்ஷெட்பூர் போனார், 2021-22இல் அந்த அணிக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். 2023இல் திரும்பிச் சென்னைக்கே வந்தார். முதல் பருவத்தில் ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் பார்த்தோம். அடுத்த பருவம், 2024-25இல், பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். இறுதிப் போட்டிக்குப் போனபோது இருந்த அறிவு இடையில் எங்கே காணாமல் போயிற்று? ஜாம்ஷெட்பூரில் அவர் கையில் கிரெக் ஸ்டூவர்ட் இருந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்டூவர்டுக்குத்தான் போனது. கோச்சின் தரத்தை அவர் கையில் இருக்கும் முன்வரிசையை ஒதுக்கிவிட்டு அளக்கவே முடியாது. கோச்சை மட்டும் பிடித்து உலுக்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உடனே ஒரு பதில் வரும். அதுதான் அவர்களுடைய பலமான வாதம், ஆகவே அதை முழுசாகவே எடுத்துக்கொள்வோம். “2019இல் ஜான் கிரிகோரி போனதால்தானே காய்ல் வந்தார்? ஒன்பதாம் இடத்தில் கிடந்த அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லையா?” போனது உண்மை. கிரிகோரி ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு விலகினார் என்பதும் உண்மை. ஆனால் காய்ல் வந்து இறங்கியபோது முன்வரிசையில் யார் யார் நின்றார்கள்? லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ராஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி. மூன்று பேரும் அந்தக் கோடையில், கிரிகோரி கோச்சாக இருந்தபோதே, வந்து சேர்ந்தவர்கள். காய்லுக்குத் தயாராக ஒரு தாக்குதல் வரிசை கிடைத்தது. அதை அவிழ்த்துவிட்டது அவர் சாமர்த்தியம், அதில் எனக்கு மறுப்பில்லை. கிரிவெல்லாரோவின் இடது காலுக்குப் பந்து போனதுமே வால்ஸ்கிஸ் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் பின்கள ஆட்டக்காரனின் முதுகுப் பக்கமாக ஓடத் தொடங்கிவிடுவார். பந்து எங்கே வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் புரிதல் ஒரே வாரத்தில் புதுக் கோச் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, சேர்ந்து ஆடி ஆடி வருவது. லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் அந்த அணி 32 கோல் அடித்தது. மொத்தம் 15 கோலோடு வால்ஸ்கிஸ் தங்கக் காலணி வாங்கினார்.

அடுத்த பருவத்தில் அந்த அணி என்னவாயிற்று என்பதை நண்பர்கள் யாரும் எடுப்பதில்லை. வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூர் போனார். ஷெம்ப்ரி ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். ஸ்ட்ரைக்கர் ஜெஜெ ஈஸ்ட் பெங்கால் போனார். கிரிவெல்லாரோ மிஞ்சினார், அவரும் பாதியில் காயம்பட்டு உட்கார்ந்தார். முந்தைய வருடம் 18 ஆட்டத்தில் 32 கோல் போட்ட கிளப், இந்த வருடம் 20 ஆட்டத்தில் 17 கோல் போட்டது. பதினொரு டிரா. பழி முழுக்க லாஸ்லோ தலையில் விழுந்தது. கலைந்துபோன முன்வரிசையின் இடத்தில் புதுசாக ஒன்றைக் கட்டாமல் விட்டவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். 2015இல் 13 கோல் அடித்துத் தங்கக் காலணியோடு கோப்பையும் வாங்கிக் கொடுத்த கொலம்பியாவின் மெண்டோசா, அடுத்த பருவம் நம்மிடம் இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம் வந்தோம். கோச் அதே மார்கோ மாத்தராஸிதான். 2022-23இல் நெதர்லாந்தின் எல் கயாத்தியும் குரோஷியாவின் ஸ்லிஷ்கோவிச்சும் சேர்ந்து கோல் மழையே பொழிந்தார்கள். அந்த வருடம் நம் பிரச்சினை பின்களத்தில் இருந்தது, முன்களத்தில் இல்லவே இல்லை. பருவம் முடிந்ததும் கோச் போனார், கூடவே அந்த இரண்டு பேரும் போனார்கள். ஸ்லிஷ்கோவிச்சும் ஜாம்ஷெட்பூருக்குத்தான். ஓட்டை இருந்த இடம் ஒன்று, கையை வைத்த இடம் வேறு. கோச் மாறும்போது அவரோடு சேர்ந்து முன்வரிசையும் கலைகிறது. அடுத்து வருகிறவர் தன் பங்குக்குப் புதிதாக நாலு ஃபாரின் ஆட்டக்காரர்களைத் தேடுகிறார், அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. “கோச்சைத் தூக்கு” என்று நாம் கத்துவது அணியை இந்தச் சுழலுக்குள்தான் தள்ளிவிடுகிறது.

இப்போது கோச்சைத் தூக்காத கதைக்கு வருவோம். 2015 நவம்பரில் சென்னையின் எஃப்.சி. பட்டியலின் அடியில் கிடந்தது. இன்றைய பேச்சுப்படி மாத்தராஸியை அன்றே விமானம் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. அதே கோச், அதே மெண்டோசா, அதே ஜெஜெ. கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவில் ஆட வேண்டியிருந்தது. அங்கே கொல்கத்தாவை மூன்று கோலில் வென்றார்கள். கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் 90ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தது நம் அணி. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சுய கோலில் சமன் ஆனது, இன்ஜுரி டைமில் மெண்டோசா அடித்தது கோப்பையானது. நாம் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் அந்த இரவு, பொறுத்திருந்ததால் வந்தது.

ஜான் கிரிகோரி கோச்சாக இருந்து வென்ற 2018 கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் நம் அணியில் அதிக கோல் அடித்தவர் மிசோரமின் ஜெஜெ லால்பெக்லுவா, இந்தியர். தங்கக் காலணி கோவாவின் கோரோவுக்குப் போனது, கோப்பை நம்மிடம் வந்தது. பெங்களூரு கண்டீரவாவில் மார்ச் 17 அன்று நடந்த இறுதியில் ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அரங்கமே நீலமாகக் குதிக்கிறது. அடுத்து நடந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கிரிகோரி நெல்சன் கார்னர் எடுக்கிறார். பெட்டிக்குள் நாலைந்து நீலச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து பின்கள ஆட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் எழும்பித் தலையால் முட்டுகிறார், கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அதே நெல்சன், அதே கார்னர், அதே மைல்சன் தலை, இன்னொரு கோல். மூன்றாவதை ராஃபேல் அகஸ்டோ போட்டார். 3-2. இறுதியில் விழுந்த நம் மூன்று கோலில் ஒன்றுகூட ஸ்ட்ரைக்கர் அடித்ததில்லை. பயிற்சியில் நூறு தடவை செய்து பழகிய கார்னர் ஒரு கோப்பையை வென்று கொடுத்தது. கோச்சுக்கு நேரம் கொடுத்தால் கிடைப்பது இந்த மாதிரிப் பழக்கம்தான்.

“அந்தக் கோச் ஜான் கிரிகோரிதானே மறு பருவம் பதினெட்டு ஆட்டத்தில் ரெண்டே ரெண்டு வெற்றியோடு கடைசி இடம் வந்தார்?” ஆம். பின்களத்தைக் கட்டிக் காத்த செரினோ இல்லை. நடுக்களத்தைத் தாங்கிய வியாசர்பாடி தன்பால் கணேஷ் காயத்தால் ஆட முடியவில்லை. ஜெஜெவின் கால் ஓய்ந்துபோயிருந்தது. அந்தக் கடைசி இடத்துக்குப் பிறகும் கிரிகோரியை விட்டுவைத்தார்கள். 2019இல் அவர் அணியைச் சூப்பர் கப் இறுதி வரை கொண்டுபோனார், கோடையில்தான் வால்ஸ்கிஸ் குழுவும் வந்தது. 2020 இறுதிப் போட்டிக்கு விதை போட்டது அந்தக் கோடை.

இனி நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு சாட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கும், பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின்) வீடுகளுக்கும் பிரான்ஸ் அணி சொந்த அணி மாதிரி. 2018 ஜூலையில் அந்த வீடுகளில் ஒலிவியே ஜிரூவை எவ்வளவு திட்டினார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நம்பர் போட்டுக்கொண்டு உலகக் கோப்பை முழுக்க ஒரு கோல் இல்லை. கோலை நோக்கிப் போன ஷாட்கூட ஒன்று இல்லை. பயிற்சியாளர் திதியே தெஷாம் அவரைக் கைவிடவில்லை. ஜிரூ என்ன செய்தார் என்று பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தவர்களுக்குப் புரியும். முதுகில் இரண்டு பின்கள ஆட்டக்காரர்களைச் சுமந்துகொண்டு நிற்பார், வரும் பந்தை நெஞ்சில் வாங்கி ஒரே தொடுதலில் பக்கவாட்டில் தள்ளுவார், அந்த இடைவெளிக்குள் எம்பாப்பேயும் கிரீஸ்மானும் பாய்வார்கள். ஜூலை 15 அன்று மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்று வென்று பிரான்ஸ் உலகச் சாம்பியன் ஆனது.

அப்புறம் ரசிகர்கள் கேட்டதும் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒதுக்கப்பட்டிருந்த கரீம் பென்சிமா 2021இல் திரும்ப அழைக்கப்பட்டார். பென்சிமா, எம்பாப்பே, கிரீஸ்மான் ஒரே வரிசையில். இதைவிட நல்ல தாக்குதலைக் காகிதத்தில் எழுதவே முடியாது. யூரோவின் இரண்டாம் சுற்றிலேயே சுவிட்சர்லாந்திடம் பெனால்டியில் தோற்று வெளியேறினார்கள். பென்சிமா நன்றாகவே கோல் போட்டார், அது வேறு விஷயம். தெஷாம் தலை உருள வேண்டும் என்று பாரிஸில் பேச்சு எழுந்தது. உருளவில்லை. 2022 உலகக் கோப்பையில் பென்சிமா காயத்தால் விலக, பழைய ஜிரூ திரும்பி வந்து நாலு கோல் போட்டு, தியரி ஆன்ரியின் 51 கோல் சாதனையைத் தாண்டி, அணியோடு இறுதிப் போட்டிக்கும் போனார். இதையெல்லாம் கண்ணால் பார்த்த அதே மூலக்குளம், சென்னையின் என்று வந்தால் மட்டும் மூன்று தோல்விக்கு ஒரு கோச்சைப் பலி கேட்கிறது.

ஃபாரின் ஸ்ட்ரைக்கர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நோய் இன்னும் ஆழமாக இருக்கிறது. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை பதினொரு பருவம். தங்கக் காலணி வாங்கியவர்களில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. அதில் மூன்று நம் கிளப்புக்கே வந்தது: இலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ். மூன்றுமே கைநீட்டி வாங்கி, கைநழுவ விட்டவை. தொடக்கத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்தது, 2017-18இல் ஐந்தாகி, 2021-22இல் நாலாகிவிட்டது. இருக்கிற நாலு இடத்தில் ஒன்று ஒன்பதாம் நம்பர் எனும் நடு ஸ்ட்ரைக்கருக்கு என்று பெரும்பாலான கிளப்புகள் எழுதி வைத்துவிட்டன. கோல் போடத் தெரிந்த இந்தியப் பையனுக்குப் பெரும்பாலும் விங் தான். லாலியன்சுவாலா சாங்தேயைப் பாருங்கள். நம்மிடம் ஆடி, 2022இல் மும்பை போய், அங்கே முழுசாக மலர்ந்தார், அவரும் விங்தான்.

இதன் விலையை இந்திய அணி கொடுத்துக்கொண்டிருக்கிறது. சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் அவரையே மறுபடி அழைத்து வந்தார்கள். இந்தக் காலத்திலேயே இந்திய அணியின் கோச் ஸ்டிமாச்சை நீக்கினார்கள், மனோலோ மார்க்கெஸ் வந்தார், போனார், காலித் ஜமீல் வந்தார். மூன்று கோச்கள் மாறியும் ஒரு ஒன்பதாம் நம்பர் பிறக்கவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையே இழந்தோம்.

ஏன் பிறக்கவில்லை? நம் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று பாருங்கள். சாயங்காலம் மணிக்கணக்கில் வாடகைக்குவிடும் டர்ஃபில். வலை போட்டு மூடிய சின்னக் களம், ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது ஏழு பேர், சின்ன கோல், ஆஃப்சைடு கிடையாது, கிராஸ் கிடையாது, தலையால் முட்ட வேண்டிய தேவையே வராது. காலுக்குள் பந்தை வைத்து ஆளைச் சுற்றும் வித்தை அபாரமாக வருகிறது. பின்கள ஆட்டக்காரனை முதுகில் தாங்கி நிற்பதும், கிராஸ் வரும்போது முதல் கம்பமா இரண்டாம் கம்பமா என்று ஒரு நொடியில் முடிவெடுப்பதும், ஆஃப்சைடு கோட்டில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து ஓடுவதும் அங்கே வருவதற்கு வழியில்லை. ஸ்ட்ரைக்கர் என்பவன் பதினொருவர் ஆடும் முழு மைதானத்தில், வருடத்துக்கு முப்பது நாற்பது போட்டி ஆட்டங்களில், தவறவிட்டுத் தவறவிட்டு உருவாகிறவன். நம் பதினாறு வயதுப் பையனுக்கு அப்படி எத்தனை ஆட்டம் கிடைக்கிறது? புதுச்சேரியில் உப்பளத்து மைதானம் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் வயதுவாரி லீக் இல்லை.

ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய ஸ்ட்ரைக்கர் இராமன் விஜயன் நடத்தும் பள்ளியில் கற்று, 2022-23இல் ஐ.எஸ்.எல்.லில் ஆறு கோல் போட்டு, அந்தப் பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதும் வாங்கினார். போட்டது பெங்களூருவின் சட்டையில். நம் கோச் யாராக இருந்தாலும் அந்தக் கோல்கள் நமக்கு வந்திருக்காது. அவரைக் கண்டெடுத்துப் பொத்திக் காக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாததுதான் காரணம். பிர்தாரிச்சைத் திட்டியதால் அது சரியாகப் போவதில்லை, காய்லை அனுப்பியதாலும் சரியாகவில்லை.

கிளப் நிர்வாகத்துக்கு நம் கோபம் இந்த வடிவில் வருவது வசதி. பட்டியலின் அடியில் கிடந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற பயம் 2024-25 வரை எந்தப் பருவத்திலும் ஐ.எஸ்.எல்.லில் இருந்ததில்லை. கடைசி இடம் வந்தாலும் உரிமையாளருக்கு ஒன்றும் ஆனதில்லை. கோபத்துக்கு ஒரு தலை வேண்டும், கோச்சின் தலை மலிவாகக் கிடைக்கிறது. புதுப் பெயரை அறிவித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு நாமும் அடங்கிவிடுகிறோம். அந்த ஆறு மாதத்தில் முன்வரிசை கலைந்ததை யாரும் கேட்பதில்லை.

2025 ஆகஸ்டில் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். ஒடிசாவோடு 2023 சூப்பர் கப் வென்றவர், நம் கிளப்பின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைக் கோச். அவர் பெயர் வந்த நாளிலேயே “எத்தனை நாள் தாங்குவார்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கி, பஸ் ஏறி, தொண்டை கிழியக் கத்தும் நமக்குக் கேள்வி கேட்கும் உரிமை முழுசாக உண்டு. அதைக் களத்தோரம் நிற்கும் ஆளிடம் கேட்காமல், மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள். இந்தப் பருவம் நன்றாக ஆடிய ஃபார்வர்டின் ஒப்பந்தம் எந்த வருடம் வரை? பத்தொன்பது வயது இந்திய ஸ்ட்ரைக்கர் ஒருவனுக்கு நடு முன்வரிசையில் எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்? புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் உங்கள் ஆள் ஒருவராவது வந்து ஆட்டம் பார்த்தாரா? பி ஸ்டாண்டில் பேனர் கட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டலாம். மூலக்குளத்திலிருந்து துணி தூக்கி வர ஆள் இருக்கிறது.